வழி திறந்தவர், தொடங்கியவர், பரப்பியவர்: ஒரு பிரசங்க இயக்கத்தின் மூன்று வெளியேற்றங்கள், 1897–1928

1897இல் அயர்லாந்தில் ஒரு பிரசங்க இயக்கம் தொடங்கியது. அதற்குச் சபைப் பெயர் கிடையாது, கட்டடம் கிடையாது, ஊழியருக்குச் சம்பளம் கிடையாது. ஊழியர்கள் இரண்டிரண்டு பேராகப் போனதால் வெளியில் இருந்தவர்கள் "டூ பை டூஸ்" என்றார்கள், "நாடோடிப் பிரசங்கிகள்" என்றார்கள், ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைப் பார்த்து "முக்குகிறவர்கள்" என்றும் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்கள் "சத்தியம்", "வழி" என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். அடுத்த 31 வருடத்துக்குள் இந்த இயக்கம் தனக்கு வழி திறந்து கொடுத்தவரையும், தன்னைத் தொடங்கியவரையும், தன்னை ஊரெங்கும் பரப்பியவரையும் ஒருவர் பின் ஒருவராக வெளியே அனுப்பியது.

மூவரைப் பற்றியும் அச்சில் நிறைய இருக்கிறது. இருந்தாலும் பெயர் சொல்லாமல் புத்தக ஊழியர், தொடங்கியவர், எனிஸ்கில்லன்காரர் என்றே எழுதுகிறேன். பெயர் வந்தால் பேச்சு ஆளைப் பற்றியதாகிவிடும். முடிவு எப்படி எடுக்கப்பட்டது, யாரிடம் கேட்கப்பட்டது, யாரிடம் கேட்கப்படவே இல்லை என்பதுதான் எனக்கு வேண்டும். சுயாதீன ஊழியம் நடத்துகிறவர்களும் அதில் மூப்பராக உட்கார்ந்திருக்கிறவர்களும் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

பின்னணி

தொடங்கியவர் 1863இல் ஸ்காட்லாந்தின் கில்சித்தில் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத்தில் மேலாளர் வேலை, நல்ல வருமானம். 1893இல் மதர்வெல்லில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் சுவிசேஷகரின் கூட்டத்தில் மனந்திரும்பினார். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். பிறகு கிளாஸ்கோவில் வேதாகமக் கல்லூரியில் படித்துவிட்டு 1895இல் ஃபெயித் மிஷனில் சேர்ந்தார்.

ஃபெயித் மிஷன் 1886இல் ஸ்காட்லாந்தில் தொடங்கியது, எந்தச் சபைப் பிரிவையும் சாராதது. ஊழியர்களை இரண்டிரண்டு பேராகக் கிராமங்களுக்கு அனுப்புவார்கள், அவர்களை யாத்திரீகர்கள் என்று அழைப்பார்கள். புதிதாகச் சபை தொடங்குவது மட்டும் கிடையாது. மனந்திரும்பியவர்களை "உங்கள் ஊர்ச் சபைக்கே போங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். தொடங்கியவருக்கு உறுத்தியது இதுதான். 1896இல் தெற்கு அயர்லாந்துக்கு அனுப்பப்பட்ட அவர், தன் கூட்டங்களில் கண்ணீர்விட்டு எழுந்து நின்ற இளைஞர்கள் ஊர்ச் சபைக்குத் திரும்பிப்போய்க் குளிர்ந்துபோவதைப் பார்த்தார், அதற்குச் சம்பளத்துக்கு வேலை செய்யும் குருமாரே காரணம் என்று முடிவு கட்டினார். அந்த ஆதங்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். தான் பெற்ற பிள்ளைகளை வேறு வீட்டில் விட்டுவிட்டு வருகிறவனின் வலி அது.

1897இல் டிப்பரரி மாவட்டத்தின் நீனா என்ற ஊரில் அவருக்குக் கூட்டம் நடத்த வழி திறந்து கொடுத்தவர் ஒரு மெதடிஸ்ட் புத்தக ஊழியர், அதாவது வேதாகமமும் கிறிஸ்தவப் புத்தகமும் சுமந்து வீடு வீடாக விற்கிறவர். நீனாவில் மனந்திரும்பிய இளைஞர்கள் சிலர் பிற்காலத்தில் இயக்கத்தின் பெரிய மேற்பார்வையாளர்களாக வந்தார்கள். இயக்கத்தின் பிறப்பு இந்தக் கூட்டங்கள்தான் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. மத்தேயு 10ஆம் அதிகாரத்தை, பையும் பணமும் இல்லாமல் போங்கள் என்ற கட்டளையை, எல்லாக் காலத்து ஊழியருக்குமான சட்டமாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1899இல் புத்தக ஊழியர் தன் வேலையையும் சம்பளத்தையும் விட்டார். 1901இல் ஃபெயித் மிஷனுடனான உறவு முறிந்தது. அதே வருடம் எனிஸ்கில்லன் ஊரின் ஒரு வசதியான துணிக்கடைக் குடும்பத்து மகன், 1867இல் பிறந்தவர், வியாபாரத்தை உதறிவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தார். இவர்தான் மூன்றாமவர். தெருமுனையில் நின்று இவர் பேசினால் கூட்டம் கூடும், சண்டையும் வரும். வெளியார் இயக்கத்துக்கு இவருடைய குடும்பப் பெயரையே வைத்து அழைக்கும் அளவுக்கு இவர் முகம் தெரிந்தது.

1903இல் மீத் மாவட்டத்தின் ராத்மோலியனில் முதல் பெரிய கன்வென்ஷன், அதாவது ஊழியர்களும் விசுவாசிகளும் சேர்ந்து கூடும் பெருங்கூட்டம், நடந்தது. ஊழியர்கள் வறுமை, திருமணமின்மை, கீழ்ப்படிதல் மூன்றையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வருடமே தொடங்கியவரும் இன்னும் இருவரும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள், சில வருடங்களில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை ஊழியர்கள் போய்விட்டார்கள்.

முதல் பத்து வருடத்தில் காணப்பட்டவை

மூன்று விஷயங்கள் என் கண்ணில் படுகின்றன.

ஒன்று, கீழ்ப்படிதலுக்கு எல்லை சொல்லப்படவில்லை. வறுமைக்கு எல்லை இருந்தது, மத்தேயு 10 இருந்தது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். கீழ்ப்படிதல் யாருக்கு, எதில், எதுவரை என்பதை யாரும் எழுதவில்லை. நடைமுறையில் அது தொடங்கியவருக்குக் கீழ்ப்படிவதாக ஆனது. யார் எந்த நாட்டுக்குப் போவது, யாருடன் ஜோடி சேர்வது என்பதில் கடைசி வார்த்தை அவருடையது. ஆரம்பத்தில் இது யாருக்கும் சுமையாகத் தெரிந்திருக்காது, ஏனென்றால் அவரும் அதே சைக்கிளில்தான் போனார், அதே வீடுகளில்தான் சாப்பிட்டார்.

இரண்டு, 1900களின் நடுவில் "உயிருள்ள சாட்சி" என்ற போதனை உள்ளே வேரூன்றியது. இந்த ஊழியர்களில் ஒருவருடைய வாயிலிருந்து கேட்டு, அவருடைய தியாக வாழ்க்கையைக் கண்ணால் பார்த்தால்தான் இரட்சிப்பு என்பது அதன் சாரம். வேதாகமத்தை வாசித்து மனந்திரும்பினேன் என்றால் போதாது, வேறு சபையில் மனந்திரும்பினேன் என்றாலும் போதாது. அப்படியானால் மதர்வெல்லில் ஒரு சம்பளக்காரப் பிரசங்கியாரிடம் கேட்டு மனந்திரும்பிய தொடங்கியவரின் கதி என்ன? கடவுள் அவரைப் புதிதாக எழுப்பினார், சங்கிலி அவரிலிருந்தே தொடங்குகிறது என்பதுதான் கிடைத்த பதில். ஒரு மனிதருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து அந்த மனிதர் மேலேயே முழுப் போதனையையும் ஏற்றிவைத்தார்கள். பிற்பாடு நடந்த அத்தனைக்கும் கல் இங்கேதான் போடப்பட்டது என்று நினைக்கிறேன்.

மூன்று, கருத்து வேறுபாட்டைக் கொண்டுபோக இடம் இல்லை. மூப்பர் குழு இல்லை, மேல்முறையீடு இல்லை, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு இல்லை. பிரசங்கங்களில் என்ன பேசினார்கள் என்பதற்கு எனிஸ்கில்லனின் "இம்பார்ஷியல் ரிப்போர்ட்டர்" பத்திரிகை பெரிய உதவி, கன்வென்ஷன்களை அது விரிவாக எழுதியது. முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்பதற்கு அப்படி ஒரு சாட்சி இல்லை.

முதல் முடிவு: 1907

ஃபெர்மனா மாவட்டத்தில் பாலினமல்லார்ட் அருகே குரோக்னக்ரீவ் என்ற பண்ணையில் வருடாவருடம் கன்வென்ஷன் நடக்கும். 1907இல் அங்கே புத்தக ஊழியர் விலக்கப்பட்டார். பிரச்சினை உயிருள்ள சாட்சிப் போதனைதான். குருமாரில் இரட்சிக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவர் ஒரு மெதடிஸ்ட், அந்தச் சபையில் தேவபக்தியுள்ளவர்களோடு பழகி வளர்ந்தவர், மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

எடுக்கப்பட்ட முடிவுக்கு ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். இயக்கம் நான்கு திசையிலும் பரவிக்கொண்டிருந்தது. சபைகளை விட்டு வெளியே வாருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்கிறவர்கள் நடுவில் ஒருவர் "அங்கேயும் நல்லவர்கள் உண்டு" என்றால் செய்தி பலவீனப்படும் என்று தொடங்கியவர் பயந்திருப்பார். ஆனால் பத்து வருடம் முன்னால் நீனாவில் கதவைத் திறந்துவிட்டவரை ஒரே கூட்டத்தில் வெளியே நிறுத்த முடியும் என்று அன்றைக்கு எல்லாரும் பார்த்தார்கள். எனிஸ்கில்லன்காரர் அப்போது குருமாருக்கு எதிராக மிகக் கடுமையாகப் பேசிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்.

இரண்டாவது முடிவு: 1914

1907க்குப் பிறகு அமைப்பு மெல்ல உருவானது. விசுவாசிகள் ஞாயிறன்று வீடுகளில் கூடி அப்பம் பிட்டார்கள், வீட்டுக்கு ஒரு மூப்பர் வந்தார், நாட்டுக்கு அல்லது பிரதேசத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் வந்தார். பெயர் இல்லை, பதிவு இல்லை என்று தொடங்கிய இயக்கத்தில் பத்தே வருடத்தில் தெளிவான அதிகார அடுக்கு இருந்தது, அதை அதிகாரம் என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. தொடங்கியவர் கன்வென்ஷன் கன்வென்ஷனாக உலகம் சுற்றிக்கொண்டிருந்தார். அன்றாட வேலை மேற்பார்வையாளர்கள் கைக்குப் போய்விட்டது.

அந்த நேரத்தில் அவருடைய பேச்சு மாறியது. கிருபையின் காலம் 1914 ஆகஸ்டில் முடிகிறது, அதற்குப் பிறகு மனந்திரும்ப வழியில்லை என்றார். வெளிப்படுத்தின விசேஷம் 11ஆம் அதிகாரத்தில் வரும் இரண்டு சாட்சிகளில் ஒருவர் தானே என்றார். மேற்பார்வையாளர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். கிருபையின் காலம் முடிந்தால் பிரசங்கம் எதற்கு, ஊழியர் எதற்கு, அவர்கள் தங்கள் வாழ்க்கையை விட்டுவிட்டு வந்தது எதற்கு? 1914 ஆகஸ்டில் உலகப்போரும் வெடித்துவிட்டதால் அவர் சொன்னதை நம்பியவர்களுக்கு அது இன்னும் உறுதிப்பட்டது.

மேற்பார்வையாளர்கள் அவரை ஏற்பதை நிறுத்தினார்கள். தங்கள் பகுதிகளில் அவருக்குப் பேச இடம் கொடுக்கவில்லை. அந்த முடிவு சரிதான் என்பது என் கருத்து, அந்தப் போதனையோடு அவர் தலைமையில் தொடர்ந்திருந்தால் சேதம் பெரிதாக இருந்திருக்கும். செய்த விதம்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. எதற்காக விலக்கினோம் என்று விசுவாசிகளுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அவர் பெயரைப் பேசுவதே தவிர்க்கப்பட்டது. "உன் மனந்திரும்புதல் அவரிலிருந்து தொடங்கும் சங்கிலியில் ஒரு கண்ணி" என்று கற்பிக்கப்பட்ட ஒரு பண்ணைக் குடும்பம், திடீரென்று அந்த முதல் கண்ணியைப் பற்றி யாரும் வாய் திறக்காததை எப்படிப் புரிந்துகொண்டிருக்கும்?

அவரோடு நின்றவர்களும் ஒதுக்கப்பட்டார்கள். 1919இல் அவர் எருசலேமுக்குக் குடிபெயர்ந்தார், அங்கிருந்து தன்னை நம்பியவர்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்து 1947இல் அங்கேயே இறந்தார், சீயோன் மலையில் அடக்கம் செய்யப்பட்டார்.

மூன்றாவது முடிவு: லர்கன், அக்டோபர் 1928

தொடங்கியவர் போன பிறகு மையம் காலியானது. அதை நிரப்ப மேற்பார்வையாளர்கள் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்: ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி, ஒருவர் பகுதியில் இன்னொருவர் அனுமதி இல்லாமல் ஊழியம் செய்யக் கூடாது. நிர்வாகமாகப் பார்த்தால் புத்திசாலித்தனமான ஏற்பாடு, இன்னொரு ஒற்றை ஆள் தலைமை வராமல் தடுத்தது. சண்டையும் குறைந்திருக்கும்.

எனிஸ்கில்லன்காரர் அதற்குள் அடங்கவில்லை. ஆவியானவர் எங்கே போகச் சொல்கிறாரோ அங்கே போவேன், மனிதனிடம் அனுமதி கேட்பது ஆரம்பத்தில் நாம் புறப்பட்ட காரணத்துக்கே எதிரானது என்றார். உயிருள்ள சாட்சிப் போதனையையும் இப்போது மறுத்தார். அவர் தொடங்கியவரைச் சந்திக்கும் முன்பே மனந்திரும்பியவர், அந்தச் சங்கிலிக் கணக்கு அவர் வாழ்க்கையிலேயே பொருந்தாது. இயக்கத்துக்கு வைக்கப்பட்ட பெயர்களையும் எதிர்த்தார். முதல் உலகப்போரில் கட்டாயப் படைச்சேர்ப்பு வந்தபோது, போர்முனைக்குப் போக மறுக்கும் ஊழியர்களுக்கு விலக்குக் கேட்பதற்காகப் பிரிட்டனில் ஒரு பெயரைப் பயன்படுத்தினார்கள். பெயரில்லாமல் இருப்பதே சாட்சி என்று நினைத்தவருக்கு அது துரோகம், சிறைக்குப் போகக்கூடிய இளைஞர்களைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு அது பொறுப்பு. இரண்டு பக்கமும் உண்மையாகவே பேசியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

1928 அக்டோபரில் வட அயர்லாந்தின் லர்கனில், ஒரு விசுவாசியின் வீட்டில் கூடினார்கள். அந்த ஏற்பாட்டுக்கு உட்படுவாயா என்பதுதான் கேள்வி. மாட்டேன் என்றார். ஐக்கியத்திலிருந்து விலக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 61. கடையையும் சொத்தையும் விட்டுவிட்டு வந்து 27 வருடம் ஆகியிருந்தது, திரும்பிப்போக வீடு என்று எதுவும் இல்லை.

1907இல் புத்தக ஊழியரிடம் கேட்டதும் இதே வகைக் கேள்விதான்: ஒப்புக்கொள்கிறாயா, இல்லையா. நடுவில் ஒரு படியும் இல்லை. தொடங்கியவர் கையில் இருந்த அதே கருவியை அவரை நீக்கியவர்கள் எடுத்துக்கொண்டார்கள், மாற்றாமல்.

பின்விளைவுகள்

எனிஸ்கில்லன்காரரை ஆதரித்தவர்கள் அடுத்தடுத்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குச் சபைக் கூட்டம் என்பது வீட்டின் முன்னறை. சபை பிரிந்தால் அந்த முன்னறையில் யார் உட்காரலாம் என்பதும் பிரிந்துவிடும், அண்ணன் வீட்டில் அப்பம் பிட்க முடியாது, அக்காவோடு ஜெபிக்க முடியாது. கட்டடம் வைத்திருக்கும் சபைகள் பிரியும்போது வழக்கு சொத்தைப் பற்றி நடக்கும். இங்கே சொத்து இல்லாததால் முழு அடியும் குடும்பங்கள் மேல் விழுந்தது.

அவர் நிறுத்தவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போய்ப் பேசிக்கொண்டே இருந்தார், 1960இல் ஆஸ்திரேலியாவின் மில்டுராவில் இறந்தார். பிரதான இயக்கம் மேற்பார்வையாளர் முறையில் உறுதிப்பட்டு வளர்ந்தது. 1942இல், அடுத்த போரின்போது, அமெரிக்காவில் "கிறிஸ்டியன் கன்வென்ஷன்ஸ்" என்ற பெயரை அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். 1928இல் அவர் எதிர்த்த விஷயங்களில் ஒன்று இப்படி வழக்கமாகிவிட்டது.

இவை எல்லாவற்றையும் விட நீண்ட நாள் நின்ற விளைவு நினைவு அழிந்ததுதான். தொடங்கியவரைப் பற்றிப் பேசாமல் விட்டதால் இயக்கத்துக்கு ஒரு தொடக்கமே இல்லாமல் போனது. கலிலேயாக் கடற்கரையிலிருந்து அறுபடாமல் வருகிறோம் என்று இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் நம்பி வளர்ந்தார்கள். 1980களில் இந்த வரலாறு புத்தகமாக வெளிவந்தபோது பலர் விலகினார்கள். 1897இல் தொடங்கியது என்பது அவமானமான விஷயமே இல்லை, அதை மறைத்தார்கள் என்பதுதான் அவர்களை உடைத்தது.

இன்னொன்றையும் இங்கே வைக்கிறேன். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்பிஐ இந்தப் பெயரில்லாத குழுவில் சிறுவர்கள் மேல் நடந்ததாகச் சொல்லப்படும் பாலியல் வன்முறையைப் பற்றித் தகவல் தரும்படி வெளிப்படையாகக் கேட்டது. 1914க்கும் இதற்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் ஒரு முடிவை விளக்காமல் எடுக்கலாம், எழுதாமல் எடுக்கலாம், மேற்பார்வையாளர் மட்டும் அறிந்தால் போதும் என்ற பழக்கம் எந்த வருடத்தில் உறுதியானது என்று என்னைக் கேட்டால், 1914 என்று சொல்வேன்.

என்ன மாறியிருக்கலாம்

வெளியிலிருந்து சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை, அவர்கள் கையிலிருந்த புத்தகமே போதும். மத்தேயு 10ஐ எழுத்து மாறாமல் எடுத்தவர்களுக்கு அதே மத்தேயுவில் 18ஆம் அதிகாரம் இருந்தது: தனியாகப் பேசு, பிறகு ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, பிறகு சபைக்குச் சொல். கடைசிப் படிதான் இங்கே சிக்கல், ஏனென்றால் யார் சபை என்பதே தீர்மானிக்கப்படவில்லை. ஊழியர்களா, மேற்பார்வையாளர்களா, அப்பம் பிட்கும் அந்த முன்னறையா? 1903இல் ராத்மோலியனில் மூன்று வாக்குறுதிகளோடு இந்த ஒரு கேள்விக்கும் பதில் எழுதியிருந்தால் 1914இல் மேற்பார்வையாளர்களுக்கே அது உதவியிருக்கும். தீர்க்கதரிசனத்தை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு பக்கக் கடிதம் எல்லா வீடுகளிலும் வாசிக்கப்பட்டிருக்கலாம். அப்போஸ்தலர் 15இல் எருசலேமில் அப்படித்தான் செய்தார்கள், இரு தரப்பும் பேசிய பிறகு முடிவைக் கடிதமாக எழுதி அனுப்பினார்கள்.

அதே அதிகாரத்தின் கடைசியில் பவுலும் பர்னபாவும் கடுமையாக மோதிப் பிரிகிறார்கள். ஒருவர் ஒரு பக்கம், இன்னொருவர் சீப்புரு தீவு. யாரும் யாரையும் ஐக்கியத்திலிருந்து நீக்கவில்லை. லர்கனில் இது சாத்தியமாகியிருக்கும் என்று உண்மையாகவே நம்புகிறேன். பகுதி ஏற்பாட்டுக்குள் வராத ஒரு பிரசங்கியார், கன்வென்ஷன் மேடையில் இடம் இல்லாமல், ஆனால் எந்த வீட்டிலும் உட்கார்ந்து அப்பம் பிட்கலாம் என்ற உரிமையோடு இருந்திருக்கலாம். ஊழிய ஒழுங்கும் சகோதர உறவும் வேறு வேறு கேள்விகள், அன்று இரண்டையும் ஒரே கேள்வியாகக் கேட்டார்கள்.

புத்தக ஊழியர் விஷயத்தில் இன்னும் எளிது. ஒரு போதனை பத்து வருடம் கூட ஆகாதது, தொடங்கியவருக்கே பொருந்தாதது. அதை நம்ப முடியவில்லை என்றவரிடம் "சரி, நாம் இன்னும் படிப்போம்" என்று ஒரு வருடம் காத்திருந்திருக்கலாம்.

அவர் விலக்கப்பட்ட பிறகும் பிரசங்கம் செய்துகொண்டுதான் இருந்தார். ஆரம்ப நாட்களிலிருந்தே குறிப்பேடு எழுதும் பழக்கம் அவருக்கு உண்டு. நீனாவில் என்ன நடந்தது, யார் எப்போது வேலையை விட்டுவிட்டு வந்தார்கள், 1907இல் அவரிடம் என்ன கேட்டார்கள் என்பதையெல்லாம் இன்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், இயக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட, முதலில் திறப்பது அந்தக் குறிப்பேட்டைத்தான்.